பிற ஞாயிறுகளும் அவற்றின் கோள்களும்: சென்னையில் எழுந்த முதற் குரல்

முள்ளிக்குளத்துக் கடற்கரையில் நிலவில்லாத ஓரிரவில் நின்று மேலே நோக்குபவர் வானம் எத்துணைப் பெரியது என்பதை எவரும் சொல்லாமலே உணர்வர். மேற்கே கடல், தெற்கே குதிரைமலைப் பக்கமாக நீளும் காடு, நகரத்து விளக்கொளி அதிகம் எட்டாத கரை. இக்கரையோரத்துத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அறுமீனையும் விடிவெள்ளியையும் பார்த்தே நேரமும் திசையும் அறிந்தனர். அவர்தம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, "இந்த மீன்களைச் சுற்றியும் எங்கள் பூமியைப்போல உலகங்கள் உண்டோ?" என்று கேட்டிருப்பர். பெரியோர் சிரித்துவிட்டு, "படைத்தவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லியிருப்பர்.

பிள்ளைகள் கேட்ட அந்தக் கேள்வி சிறிதன்று. உலகின் பேரறிஞரெல்லாம் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு விடை காணாது நின்ற கேள்வி அது. அதற்கு ஊகத்தால் விடை கூறியோர் பலர். அளந்து, கணித்து, "ஆம், இன்ன மீனுக்கு ஒரு கோள் இருத்தல் பெரிதும் கூடும்" என்று அச்சிலே முதன்முதல் வெளியிட்ட குரல் இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ எழவில்லை. அது 1855ஆம் ஆண்டில், நம் கடலுக்கு அக்கரையிலே, சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அக்குரல் கூறிய விடை பின்னர்ப் பிழையென முடிந்தது. ஆயினும் அவ்வரலாறு நம் இளைஞர் அறியவேண்டியதொன்று. பிழையான ஒரு விடை எவ்வாறு உண்மைக்கு வழிவிட்டது என்பதையே இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

நாள்மீனும் கோள்மீனும்

பழந்தமிழர் வானத்து ஒளிகளை நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் இருவகையாகப் பிரித்தனர். ஒன்றுக்கொன்று இடம் மாறாது கூட்டங் கூட்டமாக நகர்வன நாள்மீன்கள். அவற்றினிடையே இடம் பெயர்ந்து செல்வன கோள்மீன்கள். அசுவினி முதல் ரேவதி ஈறாகிய 27 நட்சத்திரங்களும் முன்னைய வகையைச் சேர்ந்தவை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகியவை பின்னைய வகையைச் சேர்ந்தவை.

நம் ஆலயங்களில் ஞாயிறு நவக்கிரகங்களின் நடுவே எழுந்தருளியிருக்கிறது. வழிபாட்டு முறையில் அது கிரகம். வானநூலிலோ அது நாள்மீன். இரவில் புள்ளியாய் மின்னும் மீன்களுள் பல ஞாயிற்றை ஒத்த பெருநெருப்புக் கோளங்களே. அவை அளவிறந்த தொலைவில் நிற்பதால் சிறியனவாய்த் தோன்றுகின்றன. இது வெறுங் கற்பனையாக இருந்த காலம் போய், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஆராயும் முறை 1859ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் கிர்க்கோவ், புன்சன் ஆகியோரால் நிலைபெற்றது. ஞாயிற்றிலும் மீன்களிலும் எரிவது ஒரே வகைப் பொருள்களே என்பது அதன்பின் தெளிவாயிற்று. அவையும் ஞாயிறுகளாயின், நம் ஞாயிற்றுக்குக் கோள்கள் இருப்பதுபோல அவற்றுக்கும் இருத்தல் வேண்டாவோ? வேண்டும் என்று நினைப்பது எளிது, காட்டுவதே அரிது.

கணிதரும் வானமும்

வானத்தைக் கணக்கில் அடக்கும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. 1825ஆம் ஆண்டிலே ஜோன் வாரன் என்னும் அறிஞர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்க கணிதரைக் கண்டார். அக்கணிதர் தரையிலே சோகிகளைப் பரப்பி, மனப்பாடமாய்க் கொண்ட வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோகிகளை நகர்த்தி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடும் எழுத்தாணியும் அவர் தொடவில்லை. கிரகணம் தொடங்கும் நேரம் ஏறக்குறைய 4 நிமிட வேறுபாட்டுடன் பொருந்திற்று. எனினும் முடியும் நேரம் 52 நிமிடம் தவறிற்று. கணிதர் சொல்லிய சூத்திரங்கள் பல நூற்றாண்டுகட்கு முன் இயற்றப்பட்டவை. அவரது நினைவாற்றல் வியக்கத்தக்கது, அவரிடம் குற்றமில்லை. சூத்திரத்தை இடையிடையே வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தும் வழக்கம் தளர்ந்துபோனதே குறை.

யாழ்ப்பாணத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்துக்குப் பேர்பெற்ற கணிதராகிய அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த நேரமும், வட்டுக்கோட்டை செமினரியில் கணித்த நேரமும் வேறுபட்டன. அன்றிரவு பலரும் கூடிப் பார்த்தபோது செமினரிக் கணக்கே பொருந்தியதென மிஷன் தரப்பார் எழுதிவைத்துள்ளனர். அதனை அவர்கள் சமயவாதத்துக்கும் ஆயுதமாக்கினர். அது நியாயமன்று, நிமிடக் கணக்கு ஒன்று தவறினால் ஒரு சமயம் பொய்யாகிவிடாது. அவர்கள் செய்த வாதத்தைத் தள்ளிவிட்டு, அந்த இரவு கற்பித்த பாடத்தை மட்டும் நாம் கொள்ளலாம். இரு கணக்குகள் முரண்படும்போது எது சரியென்று தீர்ப்பது வானமே.

நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கி

சென்னை வானாராய்ச்சி நிலையம் 1786இல் வில்லியம் பெற்றி என்னும் கும்பினி உத்தியோகத்தர் எழும்பூரில் தம் சொந்த முயற்சியால் தொடங்கியது. பின்னர்க் கிழக்கிந்தியக் கும்பினி அதனை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பிற்று. கருவி நிறுத்திய பெருங் கருங்கற்றூணில் அச்செய்தி தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறிக்கப்பட்டது. கப்பல்கள் வழி தவறாமலிருக்கவும் நிலவளவை சீராக நடக்கவும் கும்பினிக்கு இந்நிலையம் வேண்டியிருந்தது.

1848ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்பவர் இதற்குத் தலைவரானார். படைப்பிரிவுப் பொறியியலாளர், நோயால் மெலிந்த உடம்பினர், உழைப்பில் சலியாதவர். இரட்டை மீன்களை அளப்பதில் அவருக்குப் பெருவிருப்பு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிக் கருவியில் இரண்டாகப் பிரியும் மீன்கள் சில, உண்மையில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு ஞாயிறுகள். ஒபியூக்கஸ் என்று மேனாட்டார் வழங்கும் சர்ப்பதாரி மண்டலத்தில் 70ஆம் எண் பெற்ற மீன் அத்தகையது. அதன் இரு ஞாயிறுகளும் நம் ஞாயிற்றைவிடச் சற்றுச் சிறியன, செம்மஞ்சள் ஒளியின. 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுவன. அவற்றின் ஒளி நம்மை வந்தடைய 16 ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும். மீன்களுக்கிடையே உள்ள தொலைவுகளை நோக்க இது பக்கத்து வீடு போன்றது.

இவ்விரு ஞாயிறுகளும் கணித்த பாதையிலிருந்து சிறிது விலகி நிற்பதை ஜேக்கப் கண்டார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அருகிருந்து இழுத்தால் அவ்விலகல் உண்டாகும். தந்தையொருவர் சிறு பிள்ளையின் இரு கைகளையும் பற்றிச் சுழற்றும்போது தாமும் சற்றே பின்சாய்ந்து ஒரு சிறு வட்டம் இடுவாரல்லவா? பிள்ளை இருளில் மறைந்திருந்தாலும் தந்தையின் அசைவைப் பார்த்துப் பிள்ளை உண்டென்று அறியலாம். வியாழன் இழுப்பதால் நம் ஞாயிறும் ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒரு சிறு வட்டம் இடுகிறது. இந்த விதியைக் கொண்டே ஜேக்கப் 1855ஆம் ஆண்டில் இலண்டன் அரச வானியற் கழகத்து ஏட்டில் தம் முடிபை வெளியிட்டார். கோள் ஒன்று இருப்பது பெரிதும் கூடும் என்பதே அவர் கூற்று. உண்டென்று அடித்துக் கூறாது இவ்வளவில் அவர் நின்றது கவனிக்கத்தக்கது.

பிழை எங்கே நேர்ந்தது?

மீன்களின் இடைவெளியை அளக்கும் அலகு விகலை எனப்படும். ஓர் அங்குல அகலமுள்ள நாணயத்தை மூன்றேகால் மைலுக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சிறிதாய்த் தோன்றுமோ அவ்வளவே ஒரு விகலை. ஜேக்கப் நாடியது அதனினும் சிறிய விலகல். அவரது தொலைநோக்கியின் வில்லை 6 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது. கண்ணால் பார்த்துக் கையால் திருகி அளக்கவேண்டிய காலம் அது. ஒளிப்படம் எடுத்து ஆறுதலாக அளக்கும் வசதியில்லை. மேலும், இம்மீன் இரட்டையென்பதை வில்லியம் ஹெர்சல் கண்டது 1779இல். 1855 வரை 76 ஆண்டுகளே கழிந்திருந்தன. 88 ஆண்டுப் பாதையில் ஒரு முழுச் சுற்றுக்கூட எவரும் அளந்து முடிக்காத நிலை. பலர் பல கருவிகளால் எடுத்த அளவுகளின் சிறு பிழைகளே ஒன்றுசேர்ந்து ஒரு கோளின் வேடம் பூண்டு வந்தன.

1890களில் அமெரிக்கரான சீ என்பார் அதே மீனுக்கு 36 ஆண்டில் சுற்றும் மறைந்த துணையொன்று உண்டென்று இன்னும் உறுதியாகச் சாதித்தார். 1899இல் மௌல்டன் என்னும் இளைஞர், அப்போது சிக்காக்கோவில் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், அத்தகைய மூவர் கூட்டம் நெடுங்காலம் நிலைத்து நிற்க முடியாதென்று கணிதத்தால் காட்டினார். சீ அதனை ஏற்காது சினந்து மறுப்பெழுதினார். அவரது நடையைப் பொறாத அமெரிக்க வானியல் ஏடு இனி அவர் எழுத்துக்கு வரையறை இடுவதாக அறிவித்தது. ஒரே மீன், ஒரே வகைப் பிழை, பிழைத்தவர் இருவர். ஐயத்துக்கு இடம்விட்டு எழுதியவரின் பெயர் இன்றும் மரியாதையோடு நினைக்கப்படுகிறது. திருத்தப்பட மறுத்தவரோ தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொண்டார்.

ஜேக்கப் உடல்நலங் குன்றிச் சென்னையை விட்டு நீங்கினார். 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பூனாப் பக்கத்து மலையில் புதிய நிலையம் அமைக்கும் நோக்குடன் மீண்டும் இந்தியா வந்தவர், வந்திறங்கிய சில நாட்களிலேயே காலமானார். அவர் கண்டதாகக் கருதிய கோள் இன்றுவரை உறுதிப்படவில்லை.

நம்மவர் ஒருவர்

அதே நிலையத்தில் உதவியாளராய்ப் பணிபுரிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கக் குடும்பத்துப் பயிற்சியும் தொலைநோக்கிப் பயிற்சியும் ஒருங்கே வாய்த்தவர். 1867இல் ஒளி கூடிக் குறையும் மீன் ஒன்றைத் தென்வானில் கண்டுபிடித்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தில் அங்கத்தவராகச் சேர்க்கப்பட்டார். 1874இல் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் அருநிகழ்ச்சி வரவிருந்தபோது, மக்கள் அஞ்சாது விளங்கிப் பார்க்கவேண்டுமென்று உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதி, பல மொழிகளில் பரவச் செய்தார்.

அவர் ஆற்றிய பெருந்தொண்டு வேறொன்று. கண்ணாற் கண்ட நிலைகளோடு ஒத்துத் திருத்திய திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். முன்னோர் நூல்களை அவர் இகழ்ந்தாரல்லர். முன்னோரும் பார்த்தே எழுதினர் என்றும், நாமும் பார்த்துத் திருத்துவதே அவர்க்குச் செய்யும் மரியாதை என்றும் அவர் செயல் நமக்கு உணர்த்துகிறது. வாக்கியமும் திருக்கணிதமும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வெவ்வேறாகக் கூறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வீட்டிலே பாட்டனார் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, பேரன் மற்றதைப் பிடித்துக்கொள்ள, மருத்துநீர் ஆறிப்போவதும் உண்டு! கோயிற் கிரியைக்கு எதைக் கொள்வதென்பது குருமாரும் பெரியோரும் தீர்க்கவேண்டியது. இன்றிரவு வியாழன் எங்கே நிற்கிறது என்று அறியவேண்டுமானால் இருவரும் முற்றத்துக்கு இறங்குவதே வழி.

பூரட்டாதிக்கு அருகே

ஜேக்கப் தொடங்கிய கேள்விக்கு 140 ஆண்டுகளின் பின் விடை கிடைத்தது. மீன் பக்கவாட்டில் அசைவதை அளப்பது கடினமென்று கண்டோர், அது நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் அதன் ஒளியைக் கொண்டு அளக்க முற்பட்டனர். தலைமன்னார் ரயில் கூவிக்கொண்டு நம்மை நெருங்கும்போது ஒலி உயர்ந்தும், கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? மீனின் ஒளியும் அவ்வாறே நெருங்கும்போது நீலப் பக்கமும் விலகும்போது செம்மைப் பக்கமும் சற்றே சாய்கிறது. இம்முறையால் பெருங்கோள்களைத் தேடலாமென்று ஒட்டோ ஸ்துரூவே 1952இலேயே எழுதினார். எனினும் அதற்கு முன்வந்தோர் சிலரே.

1995ஆம் ஆண்டு அக்டோபரில் சுவிற்சர்லாந்தினரான மிஷெல் மேயரும் அவர் மாணவர் டிடியே கெலோவும், 51 பெகாசி என்னும் ஞாயிறொத்த மீனுக்கு ஒரு கோள் உண்டென அறிவித்தனர். மீன் செக்கனுக்கு ஏறக்குறைய 55 மீற்றர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைந்ததை அவர்கள் பிரான்சு நாட்டுத் தொலைநோக்கியால் அளந்தனர். வியாழனில் பாதியளவு எடையுள்ள அக்கோள் தன் ஞாயிற்றை 4 நாளும் சில மணிநேரமும் கொண்டு சுற்றிவிடுகிறது. அக்கோளுக்கு ஓர் ஆண்டென்பது நமக்கு ஒரு வாரங்கூட இல்லை! மேயரும் கெலோவும் சொன்னதைப் பிறர் தம் கருவிகளால் உடனே சோதித்தனர்; அது நின்றது. 2019இல் இருவரும் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இம்மீன் நிற்குமிடம் நமக்கு நன்கு பழக்கமானது. பூரட்டாதி நாளுக்குரிய இரு மீன்கள் ஒரு பெருஞ்சதுரத்தின் மேற்குப் பக்கமாக நிற்கின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே, சதுரத்துக்குச் சற்று வெளியே, மங்கலாக இருப்பதே 51 பெகாசி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முன்னிரவிலே மழைமேகம் விலகும் வேளை பார்த்துக் கூர்ந்த கண்ணினர் தேடலாம். அதன் ஒளி நம்மிடம் வர ஏறக்குறைய 50 ஆண்டு செல்லும். இன்றிரவு நம் கண்ணில் படும் ஒளி புறப்பட்டபோது நம் சங்கத்துப் பெரியோர் இளைஞராயிருந்தனர், இளைஞரோ பிறக்கவில்லை.

அதன்பின் வந்தன பல. 1999இல் ஒரே ஞாயிறொத்த மீனுக்கு மூன்று கோள்கள் இருப்பது அறியப்பட்டது. அதே ஆண்டில் ஒரு கோள் தன் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து ஒளியைச் சிறிது மறைத்ததும் காணப்பட்டது. 1874இல் ரகுநாதாச்சாரியார் விளக்கியதும், 2004இல் நம் நாட்டில் பலர் கண்டதுமான வெள்ளியின் கடப்பு போன்றதே அது. 2018இல் அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் ஆபு மலையிலிருந்து, ஏறக்குறைய 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு ஞாயிறொத்த மீனைச் சுற்றும் கோளைக் கண்டறிந்தனர். ஜேக்கப்பின் அறிவிப்புக்கு 163 ஆண்டுகளின் பின், அதே பாரத மண்ணிலிருந்து எழுந்த குரல் இம்முறை நிலைத்தது. 2020இல் சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கி, ஏறக்குறைய 300 ஒளியாண்டுக்கு அப்பால் ஓர் இளஞ்ஞாயிற்றையும் அதைச் சுற்றும் இரு பெருங்கோள்களையும் ஒரே படத்தில் பிடித்தது. ஞாயிறொத்த மீனின் கோட்குடும்பம் ஒன்று நேரே படமாக்கப்பட்டது அதுவே முதன்முறை. அறியப்பட்ட பிற ஞாயிறுகளின் கோள்கள் 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் 6,000ஐக் கடந்தன.

இன்னொரு செய்தியும் இவ்விடத்துக்குப் பொருந்தும். ஜேக்கப்பின் மீனுக்கு அருகே, அதே சர்ப்பதாரி மண்டலத்தில், பார்னார்டு மீன் என்னும் சிறு மீன் உண்டு. 1963இல் அதற்கும் கோள் உண்டென ஒருவர் அறிவித்தார். பத்தாண்டில் அது கருவிப் பிழையென்று தெரிந்தது. ஆயினும் தேடல் நிற்கவில்லை. 2024இல் அதே மீனுக்கு உண்மையாகவே ஒரு கோள் கண்டறியப்பட்டது. 2025இல் நான்கென உறுதியாயிற்று. முதலில் சொல்லப்பட்ட கோள் வேறு. பின்னர்க் காணப்பட்டவை வேறு.

சமாதானம் என்னும் ஞாயிறு

2019இல் சர்வதேச வானியற் சங்கம் தன் நூற்றாண்டையொட்டி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மீனையும் அதன் கோளையும் அளித்துப் பெயரிடச் சொல்லிற்று. இலங்கைக்குக் கிடைத்தது தென்மீன் மண்டலத்து எச்.டி. 205739. நம் ஞாயிற்றைவிடச் சற்று வெம்மையான மீன் அது. அதன் கோள் வியாழனிலும் எடைமிக்கது, 2008இல் அறியப்பட்டது, ஏறக்குறைய 280 நாளில் ஒருமுறை சுற்றுவது. மீனுக்குச் 'சாமய' என்றும் கோளுக்குச் 'சமகிய' என்றும் சிங்களச் சொற்கள் பெயராயின. முன்னது சமாதானம், பின்னது ஒற்றுமை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத மீன் அது. இடப்பெயர்வும் மீள்வருகையும் கண்ட முள்ளிக்குளத்து மக்களுக்கு அவ்விரு சொற்களின் அருமையை எவரும் விளக்கவேண்டியதில்லை. வானத்திலே இட்ட பெயர் மண்ணிலும் மெய்யாக விளங்கவேண்டும் என்று விரும்புவது நம் உரிமை.

வாலிப நண்பர்களே! எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று பேசிவிட்டுப் படுத்துறங்குவது எளிது. முன்னோர் ஒன்றும் அறியார் என்று நகைப்பது அதனினும் எளிது. சோகி பரப்பிய கணிதரும், நோயோடு தொலைநோக்கியில் கண்பதித்த ஜேக்கப்பும், பஞ்சாங்கத்தைத் திருத்திய ரகுநாதாச்சாரியாரும் எளிய வழியை நாடவில்லை. அவர்கள் வானத்தைப் பார்த்தனர், கண்டதை எழுதினர், பிறர் திருத்துதற்கு விட்டுச் சென்றனர். ஆவணி மாதத்து முன்னிரவில் சர்ப்பதாரி மண்டலத்து 70ஆம் மீன் நம் உச்சிக்கு மிக அருகால் செல்கிறது. மங்கலாயினும் வெறுங்கண்ணுக்குத் தெரிவது. பெரியோரிடம் நட்சத்திரங்களின் பெயர்களைக் கேட்டறிந்துகொண்டு, ஓரிரவு அவர்களையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று அந்த மீனைக் காட்டுங்கள். சென்னையிலிருந்து ஒருவர் அதற்குக் கோள் உண்டென்றார், பிழைத்தார், அவர் எழுப்பிய கேள்விக்கு ஆறாயிரம் விடைகள் கிடைத்தன என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் சிறுபிள்ளை அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்.